கிளியரன்ஸ் விண்ணப்பமும் மது வழக்கும்: உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

பதிவு 1 | பொட்டோமாக் கரை

வணக்கம். வடக்கு வர்ஜீனியாவில் மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பாதுகாப்புத் துறைக்கு ஒப்பந்தப் பணி செய்யும் நிறுவனம் ஒன்று எனக்கு வேலை தர முன்வந்துள்ளது. 'சீக்ரெட்' நிலைக் கிளியரன்ஸ், அதாவது அரசின் இரகசியங்களைக் கையாள்வதற்கான அனுமதி, கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சிக்கல் என்னவென்றால், 14 மாதங்களுக்கு முன் ஒரு பிரிவுபசார விருந்து முடிந்து வீடு திரும்பும்போது காவலர் என் வண்டியை நிறுத்தினார். மூச்சுச் சோதனையில் 0.11 காட்டியது, சட்ட வரம்பு 0.08. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதம், ஓராண்டு உரிம இழப்பு, வேலைக்குச் சென்றுவர மட்டும் கட்டுப்பாட்டுடன் கூடிய உரிமம், 'வேசாப்' எனப்படும் மாநில மதுப் பாதுகாப்புத் திட்டத்தின் வகுப்புகள், அதன்வழி அனுப்பப்பட்ட சிகிச்சை அமர்வுகள், ஆறு மாதங்களுக்கு வண்டியில் மூச்சுக்கருவி என எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

அந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊதினால்தான் வண்டி கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் திடீரென்று ஒலியெழுப்பி மறுபடியும் ஊதச் சொல்லும். ஒரு நாள் கோயில் வாகன நிறுத்தத்தில் ஊதிக்கொண்டிருந்தபோது, பின்னிருக்கையில் இருந்த மகள் "அப்பா, இது பீப்பீயா?" என்று கேட்டாள். அதே வேளையில் நெடுநாள் நண்பர் ஒருவர் சன்னலருகே வந்து நின்றார். ஆஸ்துமாவுக்கான கருவி என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

என் ஐயங்கள் மூன்று. இந்த ஒரு வழக்கினாலேயே விண்ணப்பம் நிராகரிக்கப்படுமா? படிவத்தில் எவ்வளவு எழுத வேண்டும்? வார இறுதியில் இரண்டு பீர் அருந்துவதைக்கூட நிறுத்த வேண்டுமா?

பதிவு 2 | கோப்புக்காரர்

ஒப்பந்த நிறுவனமொன்றில், பணியாளர்களின் கிளியரன்ஸ் கோப்புகளைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலராகப் பதினோர் ஆண்டுகள் இருந்தவன் நான். முதல் கேள்விக்கு நேரடியான விடை: ஒரே ஒரு வழக்கு, அதுவும் நீதிமன்றம் சொன்னதையெல்லாம் முடித்த வழக்கு, பெரும்பாலும் தானாகவே ஒருவரைக் கவிழ்ப்பதில்லை.

ஒருவருக்குக் கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் நெறிமுறைகளில் ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள் உள்ளன. மது, ஜி என்னும் தலைப்பின் கீழ் வருகிறது. அத்தலைப்பு குடிப்பதையே குற்றமாகக் கருதவில்லை. அளவுக்கு மீறிய குடி ஒருவரின் முடிவெடுக்கும் திறனையும் தன்னடக்கத்தையும் குலைக்கக்கூடும், ஆகவே அவரை நம்பலாமா என்ற ஐயம் எழுகிறது என்பதே அதன் அடிப்படை. பணியிடத்துக்கு வெளியே நடந்த மது சார்ந்த நிகழ்வு (குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், சண்டை, வீட்டு வன்முறை), குடித்த நிலையில் வேலைக்கு வருதல், நிதானம் இழக்கும் அளவுக்கு வழக்கமாகவோ ஒரே அமர்விலோ குடித்தல், மருத்துவரோ தகுதியுள்ள மனநல வல்லுநரோ மதுப் பயன்பாட்டுக் கோளாறு என்று கண்டறிதல், கண்டறிந்த பின்னும் சிகிச்சை அறிவுரையை மீறுதல், நீதிமன்ற ஆணையைப் பின்பற்றாதிருத்தல் ஆகியவை பாதகமான நிலைகளாக அதில் சொல்லப்பட்டுள்ளன. முதலாவதைப் பொறுத்தவரை ஒருவர் எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார், கோளாறு கண்டறியப்பட்டதா என்பவை பொருட்டல்ல என்று நெறிமுறையே கூறுகிறது. ஆகவே உங்கள் வழக்கு பேசுபொருளாகும்; முடிவாகிவிடாது.

கிளியரன்ஸுக்காக நிரப்ப வேண்டிய எஸ்.எஃப். 86 படிவத்தில் இது இரண்டு இடங்களில் வரும். 24ஆம் பகுதியில், மதுவினால் வேலையிலோ உறவுகளிலோ பணநிலையிலோ பாதிப்பு ஏற்பட்டதா, காவல்துறை தலையிட நேர்ந்ததா என்று கடந்த ஏழாண்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். சிகிச்சை பெறுமாறு யாரேனும் ஆணையிட்டார்களா, நீங்களே நாடிச் சென்றீர்களா என்பதும் அங்குதான் வரும். 22ஆம் பகுதியில் மது அல்லது போதைப்பொருள் தொடர்பாக எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா என்ற கேள்வி உண்டு. அதற்கு ஏழாண்டு வரம்பு கிடையாது.

இன்னொன்றுக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இறுதி முடிவுக்கு முன் தற்காலிகமாகத் தரப்படும் இடைக்கால அனுமதி கிடைக்காமல் போகலாம். அதற்கு மேல்முறையீடும் இல்லை. இறுதி முடிவு வரும்வரை நிறுவனம் காத்திருக்குமா என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பதிவு 3 | தேநீர் மேசை

மேரிலாந்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட சகோதரருக்கும் இதே நிலைதான். அங்கே அவருக்குத் தீர்ப்புக்கு முந்தைய நன்னடத்தைக் காலம் வழங்கப்பட்டது. அது தண்டனையாகக் கருதப்படாது என்று வழக்கறிஞர் தெளிவாகவே சொன்னாராம். ஆகவே வேலை விண்ணப்பங்கள் எதிலும் அவர் அதைக் குறிப்பிடுவதில்லை. கேட்கப்படாததை நாமே எடுத்துச் சொல்வது எதற்காக? வலியப் போய் வம்பை விலைக்கு வாங்குவது போல் ஆகாதா?

பதிவு 4 | கோப்புக்காரர்

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து பின்பற்றிவிடாதீர்கள். வழக்கறிஞர் சொன்னது மாநிலச் சட்டத்தின்படி சரியே. ஆனால் படிவம் தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டீர்களா என்று கேட்கிறது. வழக்கு தள்ளுபடியானாலும், ஆவணம் முத்திரையிடப்பட்டாலும், நீதிமன்றப் பதிவிலிருந்தே நீக்கப்பட்டாலும் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பகுதியின் முன்குறிப்பு கூறுகிறது. கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் நீக்கப்பட்ட சில வழக்குகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. சாதாரணத் தனியார் வேலைக்கான விண்ணப்பத்தையும் எஸ்.எஃப். 86ஐயும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறவர்கள் நம்மிடையே அதிகம். கைரேகையை வைத்துத் தேடினால் கைது வந்துவிடும்.

அப்படி வந்துவிட்டால், ஜி தலைப்பில் எளிதாக முடிந்திருக்க வேண்டிய செய்தி ஈ தலைப்புக்கு, அதாவது தனிநபர் நடத்தைக்கு, மாறிவிடும். குடித்தது பழைய செய்தியாகிவிடும். இன்று பொய் எழுதினீர்கள் என்பது புதிய செய்தி. காலம் கடந்தால் முதலாவது மங்கும், இரண்டாவது எளிதில் மங்காது. தெரிந்தே பொய் எழுதுவது, கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமளிக்கும் குற்றமும்கூட.

பதிவு 5 | இரண்டாம் வாய்ப்பு

நான் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வழக்குகள், இடையில் ஐந்தாண்டு இடைவெளி. முதலாவதைப் படிவத்தில் எழுதினேன். இரண்டாவது வேறொரு மாநிலத்தில் நடந்தது; வேகக் குற்றமாகக் குறைக்கப்பட்டது; ஆகவே அது கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புலனாய்வாளர் நேர்காணலில் மிகவும் தன்மையாகத்தான் பேசினார். "வேறு ஏதாவது உண்டா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பல மாதங்கள் கழித்து, எனக்கு ஏன் அனுமதி தர இயலவில்லை என்று குற்றச்சாட்டுகளைப் பட்டியலிடும் காரண அறிக்கை வந்தது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கான நடைமுறைப்படி 20 நாட்களுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று பதில் எழுத வேண்டும். நிர்வாக நீதிபதி முன் விசாரணை வேண்டுமா, எழுத்துப் பதிவை வைத்தே முடிவு செய்யலாமா என்பதையும் சொல்ல வேண்டும். நான் விசாரணை கேட்டேன். என்னை நன்கறிந்த மூன்று நண்பர்களைச் சாட்சிகளாக அழைத்துச் சென்றேன். முதலாமவர் என்னைப் பற்றிப் பத்து நிமிடங்கள் உயர்வாகப் பேசினார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவரது இரண்டாவது கைதைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மற்ற இருவருக்கும் தெரியாது. என் நற்பண்புக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களே, என்னிடம் மறைக்கும் பழக்கம் உண்டு என்பதற்குச் சாட்சிகளாகிவிட்டார்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. நான் மூன்றாண்டுகள் காத்திருந்தேன். இடையில் முறையான சிகிச்சையை முடித்துக் குடியையும் விட்டேன். இரண்டாம் முறை கிடைத்தது.

பொட்டோமாக் கரை அவர்களே, உங்கள் பதிவில் வழக்கைவிட அந்த ஆஸ்துமாதான் என்னை உறுத்தியது.

பதிவு 6 | சந்தேகி

எல்லாரும் நெறிமுறையை வேதம்போல் பேசுகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு மறுப்பு உண்டு. வார இறுதியில் ஒருவர் குடிப்பதற்கும் வாரநாளில் அவர் எழுதும் நிரலுக்கும் என்ன தொடர்பு? மதுப் பயன்பாட்டுக் கோளாறு நோய் என்று மருத்துவம் சொல்கிறது. நோய்க்காக ஒருவரின் பிழைப்பைப் பறிப்பது எந்த வகையில் நியாயம்? பாதுகாப்பு அமைச்சராவதற்கு 1989இல் முன்மொழியப்பட்ட ஜான் டவரை, குடிப்பழக்கம் பற்றிய பேச்சுகள் பெரிதாகி, செனட் 53க்கு 47 என்று நிராகரித்தது. பதவியில் இருக்கும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அவர் வாக்களித்தும் எடுபடவில்லை. அவ்வளவு பெரியவருக்கே அந்தக் கதி என்றால் நம் போன்றோர் எதை நம்பி உண்மையை எழுதுவது?

பதிவு 7 | கோப்புக்காரர்

டவரின் வழக்கு அரசியல் வாக்கெடுப்பு. அதில் கட்சிக் கணக்கும் இருந்தது, ஆயுத நிறுவனங்களோடு அவருக்கிருந்த தொடர்புகள் பற்றிய வினாவும் இருந்தது. கிளியரன்ஸ் முடிவு அப்படி எடுக்கப்படுவதில்லை.

உங்கள் மறுப்புக்கு நெருக்கமானது ஈகன் வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில் டிரைடென்ட் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கடற்படைத் தளத்தில் 1981இல் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தவர் தாமஸ் ஈகன். பழைய குற்றத் தீர்ப்புகளையும், அவற்றுள் சிலவற்றை விண்ணப்பத்தில் சொல்லாததையும் காரணம் காட்டிக் கடற்படை அவருக்கு அனுமதி மறுத்தது. தமக்குக் குடிப் பிரச்சினை இருந்தது என்றும், தண்டனையின் கடைசி 28 நாட்களை மதுமீட்புத் திட்டத்தில் கழித்ததாகவும் அவரே சொன்னதையும் அது சுட்டிக்காட்டியது. 1988 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல, அந்த முடிவின் சரி தவறை வெளியார் எளிதில் மறுஆய்வு செய்யவும் முடியாது என்று கடற்படைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐயம் எஞ்சினால் அது நாட்டுப் பாதுகாப்பின் பக்கமே சாயும். தகுதியை நிறுவும் சுமை விண்ணப்பதாரருடையது. இது கடுமையானது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தொடர்பு என்ன என்று கேட்டீர்கள். ஆல்ட்ரிச் ஏம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் கைதாகும்வரை ஒன்பது ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்துக்கும் பின்னர் ரஷ்யாவுக்கும் உளவு சொன்ன சி.ஐ.ஏ. அதிகாரி அவர். 1976இல் நியூயார்க் சுரங்க ரயிலில் இரகசியத் தாள்கள் இருந்த பெட்டியை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்; ரோமில் பணியாற்றியபோது குடிமயக்கத்தில் தெருவோரம் விழுந்து கிடந்திருக்கிறார். மேலதிகாரிகளுக்கு அவரது குடி தெரியும். ஆயினும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் பணத்துக்காகத்தான் விற்றார், குடியினால் அல்ல. ஆனால் பெட்டியை மறந்து இறங்கியவரைப் பற்றி அன்றே ஒருவர் கேள்வி கேட்டிருக்க வேண்டும் அல்லவா? ஜி தலைப்பு கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

பதிவு 8 | நிதானம்

நான் வர்ஜீனியாவில் உரிமம் பெற்ற போதைமீட்பு ஆலோசகர். சந்தேகி அவர்கள் எழுப்பிய நோய் என்ற வாதம் சரியானதே. நெறிமுறையும் ஓரளவு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிகிச்சை பெற்றது பாதகம் அல்ல, அதுவே தணிப்புக் காரணங்களுள், அதாவது ஐயத்தைக் குறைக்கும் காரணங்களுள், ஒன்று. நெடுநாள் கடந்திருத்தல், பிரச்சினையை ஒப்புக்கொண்டு நடவடிக்கை எடுத்ததற்குச் சான்று, முன்பு சிகிச்சைக்குப் பின் மறுபடி விழாமல் தற்போதைய சிகிச்சையில் நல்ல முன்னேற்றம், திட்டத்தையும் பின்தொடர் கவனிப்பையும் முடித்திருத்தல் ஆகிய நான்கு வழிகள் அங்கே உள்ளன. இத்தனை மாதம் குடிக்காமல் இருக்க வேண்டும் என்ற எண் எதுவும் அதில் இல்லை. ஆனால், நிலைபெற்ற பழக்கமாற்றம் தெரிய வேண்டும்.

பொட்டோமாக் கரையின் மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். இரண்டு பீர் அருந்தலாமா என்பதற்குப் பொதுவான விடை இல்லை; அவருடைய சிகிச்சைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே விடை. எங்கள் துறையில் 11 அறிகுறிகளை வைத்து அளக்கிறோம். ஓராண்டுக்குள் இரண்டோ மூன்றோ இருந்தால் இலேசான கோளாறு, நான்கோ ஐந்தோ என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. நினைத்ததைவிட அதிகம் குடித்தல், குறைக்க முயன்று முடியாமல் போதல், குடித்துவிட்டு ஆபத்தான நிலையில் இயங்குதல் போன்றவை அவற்றுள் சில. கோளாறு இல்லை என்று ஆலோசகர் எழுதியிருந்தால், அளவோடு குடிப்பதை நெறிமுறை தடுக்கவில்லை. கோளாறு என்று எழுதி, விலகியிருக்கவும் சொல்லியிருந்தால், அதற்குப் பின் அருந்தும் ஒரு கோப்பையும் அறிவுரை மீறல் என்னும் தனிப் பாதக நிலைக்குள் வந்துவிடும். கையெழுத்துப் போட்டு வாங்கிய தாளைப் பலரும் படிப்பதே இல்லை. எடுத்துப் பாருங்கள்.

பதிவு 9 | பொட்டோமாக் கரை

நேற்றிரவு தேடி எடுத்தேன். வரி ஆவணங்களோடு ஒரே உறையில் கிடந்தது. நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தோம். முதல் பக்கத்தில் 'மதுப் பயன்பாட்டுக் கோளாறு, இலேசானது' என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், திட்டம் முடிந்த பின்னும் மதுவிலிருந்து விலகியிருக்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்று ஒற்றை வரி. அதன் கீழே என் கையெழுத்து. அன்றைக்கு அதை வகுப்பு முடித்ததற்கான சான்றிதழ் என்று எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

தாள் கிடைத்த பிறகு தீபாவளி விருந்தில் இரண்டு பீர், புத்தாண்டு இரவில் ஒரு கோப்பை ஒயின் அருந்தியிருக்கிறேன். இரண்டு முறையும் வண்டியை மனைவிதான் ஓட்டினார். மூன்றே கோப்பைகளை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வார்களா? அவற்றை விட்டுவிட்டு, விலகியிருக்கிறேன் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதிவு 10 | நிதானம்

மூன்று கோப்பைகளைக் கண்டு மிரள வேண்டாம். அவை எப்படி வெளிவருகின்றன என்பதுதான் முக்கியம். கடைசியாக எப்போது அருந்தினீர்கள், எவ்வளவு என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். அறிவுரையை முழுமையாக உள்வாங்காமல் இருந்தேன், இன்ன இரு நாட்களில் அருந்தினேன், தாளைப் படித்த நாளிலிருந்து நிறுத்திவிட்டேன் என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'எப்போதாவது', 'கொஞ்சமாக' போன்ற சொற்கள் வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை கொஞ்சம் என்பது இரண்டு கோப்பையாகவும் இருக்கும், அரைப் புட்டியாகவும் இருக்கும்.

உரிமம் பெற்ற மருத்துவரிடம் புதிய மதிப்பீடு ஒன்றுக்கு நேரம் கேளுங்கள். அவர் கோளாறு நீங்கிவிட்டது என்றோ விலகல் தொடர வேண்டும் என்றோ எழுதட்டும். எதுவானாலும் அது உங்கள் சொல்லைவிட எடையுள்ளது. பெத் எனப்படும் இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளலாம். முந்தைய இரண்டு முதல் நான்கு வாரங்களின் குடியை அது காட்டும். சில மாத இடைவெளியில் எடுத்த முடிவுகள் கையிலிருந்தால், விலகியிருக்கிறேன் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

பதிவு 11 | கோப்புக்காரர்

படிவ வேலைக்கு வருவோம். 22ஆம் பகுதியில் கைதான நாள், மாவட்டம், நீதிமன்றம், குற்றப் பிரிவு, தீர்ப்பு ஆகியவற்றை நீதிமன்ற நகலைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். 24இல் ஆணையிடப்பட்ட சிகிச்சையை, நடத்திய நிலையத்தின் முகவரியோடு குறிப்பிடுங்கள். விளக்கப் பெட்டியில் ஐந்தாறு வரிகள் போதும். காவலர் கடுமையாக நடந்துகொண்டார், விருந்தில் வற்புறுத்தினார்கள் போன்றவற்றை எழுதாதீர்கள். பிறர்மேல் பழிபோடும் தொனி, பிரச்சினையை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளமாக வாசிக்கப்படும்.

அனுமதி கிடைத்த பிறகும் இது தொடரும். முன்பு ஐந்தாண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை நடந்தது. இப்போது தொடர் கண்காணிப்பு. புதிய கைது நடந்தால் தானாகவே எச்சரிக்கை எழும். கைதையும் மது சார்ந்த சிகிச்சையையும் உங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே தெரிவிக்கும் கடமையும் உண்டு. என்னிடம் மறுநாள் காலையிலேயே வந்து சொன்னவர்களும் இருந்தார்கள். எச்சரிக்கை வந்த பிறகு, சொல்லத்தான் இருந்தேன் என்றவர்களும் இருந்தார்கள். கோப்பில் அந்த இரண்டு வகையும் வேறுவேறாகவே தெரியும்.

பதிவு 12 | சந்தேகி

என் மறுப்பை நான் விடவில்லை; மேல்முறையீட்டுக்கு இவ்வளவு குறுகிய கதவை வைத்திருக்கும் அமைப்பை நியாயமானது என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் படிவத்தில் மறைப்பது பற்றி நான் முன்பு கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேநீர் மேசை, உங்கள் சகோதரரிடமும் சொல்லிவிடுங்கள்.

பதிவு 13 | பொட்டோமாக் கரை

மருத்துவரிடம் அடுத்த மாதம் முதல் வாரத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. இறுதி முடிவு வரும்வரை கிளியரன்ஸ் தேவைப்படாத வேறொரு திட்டத்தில் வைத்துக்கொள்வதாக நிறுவனம் கூறியுள்ளது. நேற்று 16ஆம் பகுதிக்கு வந்தேன். உறவினர் அல்லாத, என்னை நன்கறிந்த மூவரின் பெயர்களைக் கேட்கிறார்கள். மூவரும் சேர்ந்து கடந்த ஏழாண்டுகளுக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். அவ்வளவு காலமாக என்னை அறிந்தவர்களுள் முதன்மையானவர், நான் ஆஸ்துமா என்று சொல்லி அனுப்பிவைத்த அந்த நண்பர்தான். அவருக்குப் பதில் வேறு யாரையாவது எழுதலாமா?

பதிவு 14 | இரண்டாம் வாய்ப்பு

அவரையே எழுதுங்கள். ஆனால் புலனாய்வாளர் அவரை அழைப்பதற்கு முன் நீங்கள் அழைத்துவிடுங்கள். என் நண்பர் விசாரணை அறையில் தெரிந்துகொண்டார். உங்கள் நண்பர் தொலைபேசியில் தெரிந்துகொள்ளட்டும்.

பதிவு 15 | பொட்டோமாக் கரை

சற்று முன் அழைத்தேன். முழுவதும் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. அழைப்பு துண்டித்துவிட்டதோ என்றுகூட எண்ணினேன். பிறகு, படிவத்தில் தம் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளதுபோல் எழுதச் சொன்னார். பெயரின் முன்னெழுத்தை விரித்து, அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட வேண்டும் என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக எழுத்துக்கூட்டினார். எழுதிக்கொண்டேன்.